வெங்காயம் வேண்டாம் என்றேன்

தஞ்சாவூர் மார்க்கெட்டில் என் மனைவிக்கு ஒரு நாத்தனார் உண்டு. சொந்தம் ஒன்றும் இல்லை, காய்கறிக் கடைக்காரம்மாதான். என்னை "அண்ணே" என்று கூப்பிடுவார். அதனால் இவள் "அண்ணி". கால் கிலோ அவரைக்காய்க்கு இரண்டு பேரும் ஊர்க்கதை முழுக்கப் பேசுவார்கள். நான் பையோடு நிற்பேன். "உங்க அண்ணன் எதுக்கு? பை மாட்டுற ஆணிக்குப் பதிலாத்தான்" என்பாள் மனைவி.

போன வருஷம் அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். சாப்பிட்டால்தான் தேறுவார் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலையில் அவளாகவே வாய் திறந்தாள். "நாக்கு செத்துக் கெடக்குங்க. வாழைக்காய்ப் பொடிமாஸ் பண்ணுவீங்களா? பெரண்டைத் துவையல், பாவக்காயும் வேணும் போல இருக்கு. வெங்காயம் மட்டும் வேணாம், வாசனையே கொமட்டுது."

மழிக்காத தாடியோடு அப்படியே ஓடினேன். கடையில் கூட்டம். மனைவியின் ஆபரேஷன் விஷயம் அந்தக் கடை வரிசைக்கே தெரியும். மூச்சு வாங்க, கேட்டதையெல்லாம் சொன்னேன்.

"வெங்காயம்ணே?"

"வேணாம்மா. வீட்டுல இப்ப வெங்காயமே சேக்கறதில்ல."

கடைக்காரம்மா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு நல்ல காயாகப் பார்த்து எடுத்துப் போட்டார். பக்கத்து எலுமிச்சம்பழக்காரர் தன் செல்போனில் ஓடிய பாட்டை நிறுத்தினார். பையை என் கையில் கொடுத்து, "போங்கண்ணே" என்றார் கடைக்காரம்மா.

பத்தடி நடந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக 'போய்ட்டு வாங்க' என்றவர் இன்று 'வாங்க'வை விட்டுவிட்டார். துக்க வீட்டுக்காரரிடம் அல்லவா அதை விடுவார்கள்! பைக்குள் பார்த்தேன். வாழைக்காய், பாகற்காய், பிரண்டை. அத்தனையும் திதிச் சமையல் காய். வெங்காயமும் வேண்டாம் என்றிருக்கிறேன்.

திரும்பி ஓடினேன். "ஐயோ, அவ நல்லாத்தாம்மா இருக்கா! அவதான் இதெல்லாம் கேட்டா!"

கடைக்காரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

"தாடியும் வாழைக்காயுமா வந்து நின்னா நான் என்னண்ணே நெனைக்கிறது? அண்ணி உங்கள ஆணின்னு சொல்றதே தப்பு, ஆணிக்குக்கூட ரெண்டு வார்த்தை பேசத் தெரியும்!"

பிறகு ஒரு கை சின்ன வெங்காயத்தை அள்ளிப் பையின் மேலே கொட்டினார். "வீட்டுல வேணாம்னா அப்புறமா கொண்டாந்து குடுங்க. இப்ப இது வெளியில தெரியற மாதிரி தூக்கிட்டுப் போங்க. இந்த வரிசை பூராவும் பாக்கட்டும். போய்ட்டு வாங்க!"

அப்படியே நடந்தேன். எலுமிச்சம்பழக்காரர் பாட்டை மறுபடி போட்டார்.

மனைவி பையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். தையல் போட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொடிமாஸை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெங்காயத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். "வைங்க அத," என்றாள். "நானே வந்து குடுக்கறேன்னு சொல்லுங்க."