பாம்பூஃபிளாட்டுக்கு மட்டும் ஒரு வரி

கண் மருத்துவமனை ஒன்றுக்காக என் மனைவி எழுதித்தந்த நிரலை, அவள் மறைந்தபின் நான் பராமரிக்கிறேன். காற்று வலுத்துப் படகோ கப்பலோ நின்றால், தீவுத் தலைநகரின் டெலானிபூர் பகுதியில் உள்ள அந்த மருத்துவமனைக்கு வரவேண்டியவர்களுக்கு மாற்று நேரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புவது அதன் வேலை. சாத்தம் படகுத்துறைக்கு எதிர்க்கரையான பாம்பூஃபிளாட்டின் படகுக்கு ஒரு பகுதி, தொலைதீவுக் கப்பல்களுக்கு இன்னொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே எழுத்து. ஒன்றாக்கிவிடலாமா என்று பெங்களூரில் மென்பொருள் எழுதும் மகளிடமும் மருமகனிடமும் கேட்டேன்.

“ஒரே விஷயத்த ரெண்டு தடவ எழுதக்கூடாதுப்பா. ஒண்ணத் திருத்திட்டு இன்னொண்ண மறந்துடுவீங்க.”

“பார்க்க ஒண்ணா இருக்கறதெல்லாம் ஒண்ணு இல்ல மாமா. அவசரப்பட்டுச் சேர்த்தா அப்புறம் பிரிக்கறது கஷ்டம்,” என்றார் மருமகன்.

“இவர் அலமாரில ஒரே மாதிரி சட்டை நாலு இருக்குப்பா. இவர்கிட்டயா கேக்கறீங்க?”

இருவர் கட்சியிலும் பெரிய நிபுணர்கள் உண்டு, எல்லாரையும் வாசித்தேன். காலமெல்லாம் கணிதம் கற்பித்தவனுக்கு, நல்ல வாதங்கள் இரண்டு மோதுவதைவிட வேறென்ன வேண்டும்? மாதங்களுக்குப் பின் அன்றுதான் பொழுது போனதே தெரியவில்லை. மகள் சொற்படி இணைத்தேன். பாம்பூஃபிளாட் பகுதியில் மட்டும் இருந்த ஒரு வரியை, கைதவறி விழுந்தது என்று நீக்கினேன்.

அன்று பிற்பகலே புயல் எச்சரிக்கை வந்தது; மறுநாள் படகும் இல்லை, கப்பலும் இல்லை. அனுப்புமுன் பட்டியலைப் பார்த்தேன். காலையில் கண் அறுவை முடிந்து பாம்பூஃபிளாட் திரும்பிய மீனவருக்கு மறுநாள் கட்டுப் பிரித்தாக வேண்டும். அவருக்கோ நான்கு நாள் கழித்து நேரம் விழுந்திருந்தது. செவிலியரை அழைத்தேன்.

“அது எப்படி சார்? போட் பந்த் ஆனா அவங்க ரோடு சுத்தி பஸ்ல வருவாங்க. கப்பல் ஆளுங்களுக்குத்தான் வழி இல்ல. மேடம் அவங்களுக்கு அதே நாள் மதியம்தான் வைப்பாங்க.”

மேடம் என்று அங்கே எல்லாரும் அழைத்தது என் மனைவியை. நான் அழித்த அவளுடைய வரி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பெரும் உற்சாகத்தோடு மாற்றி எழுதினேன்: செய்தி அனுப்புவது இருவருக்கும் பொது, நேரம் குறிப்பது தனித்தனி. அந்த வரியை மீட்டு, அதன்மேல் காரணத்தையும் எழுதினேன். தாமே வென்றதாக மகளும் மருமகனும் தனித்தனியே அறிவித்தார்கள்.

மறுநாள் மதியம் செவிலியர் அழைத்தார்.

“வந்துட்டார் சார். கண்ணு நல்லா இருக்கு. கடல்ல வராத வாந்தி பஸ்ல வந்துடுச்சாம். யாரு இந்த டைம் குடுத்ததுன்னு ஒரே சத்தம்.”

“என்ன சொன்னீங்க?”

“மேடம்னு சொன்னேன்.”