வியாழக்கிழமை விமானம்

அறுபதுகளில் என் கணவருக்கு வானிலை இலாகாவில் வேலை. பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த என்னை, கல்யாணமான கையோடு கட்ச் கடற்கரையில் ஒரு குட்டி விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்ட ஒரு துணிப்பை, சுற்றிலும் உப்பளம். ஓடுதளத்தில் எருமை மேயும். யாராவது ஜீப்பில் போய் விரட்டினால்தான் விமானம் இறங்கும். அதுவும் வாரத்துக்கு ஒரே நாள், வியாழக்கிழமை.

தலைப்பிரசவத்துக்கு நான் மாட்டுங்கா போக வேண்டும். அம்மாவோ பஞ்சாங்கத்தைக் கேட்காமல் வாசற்படி தாண்டாதவள். வியாழனன்று தெற்கே சூலம், பம்பாயோ எங்களுக்குத் தெற்கே. போதாக்குறைக்கு இங்கே விமானம் கிளம்பும் இரண்டு மணிக்கு ராகுகாலம். வேறு நாள் பார் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். விமானக் கம்பெனிக்காரன் எங்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தா ஓட்டுகிறான்? ரயிலில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது.

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். பரஸ்தானம் வை என்றாள். நல்ல நேரத்தில் பெட்டியை வேறிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. புதன் காலை பெட்டியைக் கொட்டகையில் வைத்தேன். மறுநாள் மற்ற சாமான்களோடு அதையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அப்புறம்தான் விமானி என் வயிற்றைப் பார்த்தார். இந்த நிலையில் ஏற்ற மாட்டேன் என்று கும்பிடு போட்டுவிட்டார். மழை மேகம் திரண்டுகொண்டிருந்ததால் பெட்டியைத் தேடி இறக்கவும் நேரமில்லை. நான் தரையில் நிற்க, என் பெட்டி பம்பாய்க்குப் பறந்தது.

அம்மா வந்து காத்திருப்பாள், ஆபீஸ் ரேடியோவில் சாந்தாகுருஸ் விமான நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கணவரைக் கெஞ்சினேன். சொந்தச் சேதிக்கு அதைத் தொடக் கூடாதாம், சட்டம் பேசினார். தந்தி மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. உண்மையில் அது கோபமில்லை, பயம். பாஷை தெரியாத ஊரில் அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றுக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

அடுத்த வியாழன் விமான ஏணியில் ஒன்பது கெஜப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மாமி தட்டுத்தடுமாறி இறங்கினாள். வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. தாதர் தாண்டித் தனியாகப் போயறியாத என் அம்மா. அந்த விமானம் காலை ஏழு மணிக்குப் பம்பாயிலிருந்து புறப்படுவது. வியாழனன்று அது எமகண்ட வேளை.

"எமகண்டத்துலயாம்மா கெளம்பினே?" என்று கேட்டேன்.

"பொட்டி மட்டும் வந்து எறங்கித்துடி. நீ வரலே. அதுக்கப்பறம் எனக்கு என்ன எமகண்டம் வேண்டிக் கெடக்கு?" என்றாள்.

சொன்னவள், அத்தனை பேர் பார்க்க, ஓடுதளத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.