தோற்கிற வரைக்கும்

வீட்டுக்காரர் பேரைச் சொல்லக் கூடாதாம். சொல்கிறேன்: சோலையப்பன். கறம்பக்குடி சிலம்பப் போட்டியில் 1951 முதல் தொடர்ந்து பத்து வருடம் கப்பு வாங்கியவர். ஊர் முழுக்க அந்தப் பேரைக் கூவும்போது, கட்டிக்கொண்ட நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

அவர் கம்பு சுற்றிப் பிழைத்தவர் இல்லை. மானாவாரிக் காட்டில் கடலை போடுகிற சம்சாரி. காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிற வாத்தியார்களுக்கு அந்தப் போட்டியில் இடமே கிடையாது. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த கையோடு கறம்பக்குடி வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தது. விஜயதசமிக்கு மறுநாள் சந்தைத் திடலில் நடக்கும். எட்டு ஊர், ஊருக்கு ஓர் ஆள். கம்பு நுனியில் துணி சுற்றிக் காவிக் குழம்பில் தோய்த்திருப்பார்கள். எதிராளியின் வெள்ளைப் பனியனில் எத்தனை பொட்டு விழுகிறதோ அத்தனை புள்ளி. நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது.

இரண்டாவது கப்பு வாங்கி வந்த அன்றைக்குத்தான் என் குடி கெட்டது. ஊர்ப் பெரியதனம் பார்க்கிற அம்பலம் ஆண்டிச்சாமி எல்லோரையும் கருப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“நல்ல பயலுகள்லாம் பெனாங்குக்கும் கொழும்புக்கும் ஓடிப் போறானுக. இவனையும் விட்டுட்டா நமக்குன்னு யாருப்பா இருக்கா? சத்தியம் பண்ணுடா சோலை” என்றார்.

கழுத்தில் மாலை, தோளில் தூக்க நாலு பேர், வயசு இருபத்திரண்டு. அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பார் மனுஷன். சூடத்தை அடித்து, “தோக்குற வரைக்கும் இந்த ஊருக்குத்தான் ஆடுவேன். அதுவரைக்கும் ஊரை விட்டுப் பொழைக்கப் போகமாட்டேன்” என்று சத்தியம் செய்தார். கல்யாணமாகி அப்போது மூன்று மாதம். பொம்பளைகளோடு நின்று நானும் குலவை போட்டேன். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட!

அதற்குப் பிறகு அவர் உடம்பு அவருடையதாக இல்லை. கை பிசகிவிடும் என்று சைக்கிள் ஏற விடமாட்டார்கள். பனை ஏறக் கூடாது. கிணறு வெட்டுகிற கூலிக்குப் போகக் கூடாது. இரண்டு வருடம் மழை பொய்த்தபோது பங்காளிகள் எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனார்கள், இவர் மட்டும் வறண்ட காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளத்தூரில் என் தம்பி கல்யாணத்துக்குப் போனோம். மூன்றாம் நாளே அம்பலம் ஆள் அனுப்பிவிட்டார். கோயில் காளையாவது இஷ்டத்துக்கு மேயும். இவருக்கு அதுகூட இல்லை. நானும் அவரோடு சேர்ந்து கட்டுண்டு கிடந்தேன், என்னை யார் கேட்டார்கள்?

அந்தக் கல்யாணத்துக்குப் போனபோதுதான் என் மாமா அவரைப் பொன்மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மாமாவுக்கு அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர் வேலை. திரும்பி வந்தவர் பத்து நாள் அதையேதான் பேசினார்.

“எஞ்சின் சக்கரம் எம்மாம் பெருசு தெரியுமா புள்ள? அதை மிஷின்ல மாட்டிச் சுத்த விடுறான். இரும்பு சுருள் சுருளா வருது!”

கப்பு வாங்கும்போதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மாமா சும்மா இருக்கவில்லை. 1959 ஆவணியில் பொன்மலையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. எடுபிடிக் கலாசி வேலை, நவம்பர் பதினைந்துக்குள் வந்து சேர வேண்டும். இவருக்கு வயசு இருபத்தொன்பது. இதை விட்டால் பிறகு எடுக்கமாட்டார்கள் என்று மாமா தனியாக எழுதியிருந்தார்.

அம்பலத்திடம் போய் நின்றோம். அவர் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“போப்பா, யாரு வேணாங்குறா? கருப்பர்ட்ட நீயே சொல்லிக்க” என்றார்.

வருகிற வழியில் நான் பொறுக்கமுடியாமல் சொன்னேன். “இங்க பாருங்க, ஒரே வழிதான் இருக்கு. இந்த வருசம் தோத்துருங்க.”

“வேணும்னு தோத்தா சத்தியம் என்னாகுறது?”

“தோக்குற வரைக்கும்னுதானே சொன்னீங்க? எப்படித் தோக்கணும்னு கருப்பர் கேட்டாரா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி செங்கமலம்” என்றார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சரி என்றார்.

சொத்தை ஆளிடம் தோற்றால் ஊர் நம்பாது. நம்புகிற மாதிரி அவரைத் தோற்கடிக்க ஒரே ஒருவனால்தான் முடியும். அவன் முனியசாமி. அக்கினி ஆற்றுக்கு அங்கிட்டு இருக்கிற ஊர்க்காரன். தஞ்சாவூரில் லாரி ஓட்டுகிறான், பூஜைக்கு மட்டும் ஊருக்கு வருவான். 1954-லிருந்து வருடா வருடம் கடைசி ஆட்டத்தில் என் வீட்டுக்காரரிடம் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு வித்தியாசத்தில்தான் தோற்றுக்கொண்டிருந்தான்.

அந்த வருடமும் அவர்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். சலாம் வரிசை போட்டு முடித்து ஆட்டம் ஆரம்பித்ததும் இவர் இடது விலாவைத் திறந்து காட்டினார். சின்னப் பிள்ளைகூட அடித்திருக்கும். முனியசாமியின் கம்பு ஒரு சாண் தள்ளிப் போனது. இவர் காலை இடறுகிற மாதிரி இடறி நெஞ்சைக் காட்டினார். அவன் பின்னால் போனான். இவர் வீசுவதும் படவில்லை, அவன் வீசுவதும் படவில்லை.

“அடடா, என்னா வெலகல்! என்னா வெலகல்!” என்று ஜனம் கூத்தாடியது. அட பாவி, அடித்துத் தொலையேண்டா என்று வாய் வரைக்கும் வந்ததை முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் இவர் கம்பை நேராக நீட்டிப் பிடித்தபடி அசையாமல் நின்றுவிட்டார். முகம் முழுக்கத் திறந்து கிடந்தது. முனியசாமி ஒரு பாய்ச்சல் பாய்ந்தான். முடிந்தது என்று நினைத்தேன். அவன் தன் கம்பை ஒதுக்கிக்கொண்டு, நெற்றியைக் கொண்டுவந்து இவர் கம்பு நுனியில் முட்டினான்.

விசில் ஊதினார்கள். அவன் நெற்றியில் குங்குமம் வைத்த மாதிரி காவிப் பொட்டு. ஆட்டம் முடிந்தால் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்வது வழக்கம். அப்போது முனியசாமி இவர் காதில் என்னவோ சொன்னான். இவர் முகம் செத்துப் போனது. அதற்குள் எங்கள் ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

பொழுது சாயும் முன்னே ஆற்று மணலில் அவரைத் தனியாகப் பிடித்தேன். “என்னாங்க சொன்னான்?”

“‘மன்னிச்சிக்கங்கண்ணே, ஆறு வருசமா நான் தோத்துக்கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்களக் கட்டிப்போட்ட மாதிரி எங்க ஊரும் சூடத்தோட காத்துக்கிட்டு இருக்கு. ரெண்டாவதா வர்றவனை எவனும் கட்டிப்போட மாட்டான்’ங்குறான்.”

எனக்கு முதலில் ஆத்திரம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. “அப்படின்னா ஒங்க சத்தியம் ஆறு வருசத்துக்கு முந்தியே முடிஞ்சுபோச்சுங்க! அம்பலத்துக்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க. நாளைக்கே பொன்மலைக்குக் கெளம்பலாம்.”

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். “என்னான்னு சொல்ல? நான் ஜெயிக்கவே இல்லன்னா?”

“ஆமா. அதைத்தான்.”

“மாட்டேன்.”

கெஞ்சினேன். சண்டை போட்டேன். மூன்று நாள் உலை வைக்கவில்லை. நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். “சொன்னேன்னா என்னை உசுரோட பார்க்கமாட்டே” என்றார். கதவு திறந்துதானே கிடக்கிறது, நடந்து வெளியே போக வேண்டியதுதானே? ஆனால் அந்தப் பேரை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. நவம்பர் பதினைந்து வந்தது, போனது. மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. எனக்கு முனியசாமி மேல் கோபமா, அம்பலம் மேலா, இவர் மேலா? எல்லார் மேலும்தான். குலவை போட்ட என் மேலும்தான்.

1960-லும் போனார். இந்தத் தடவை வெறி பிடித்தவர் மாதிரி ஆடினார். நிஜமாக ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் நிஜமாகத் தோற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. முனியசாமியின் பனியனில் பதினெட்டுப் பொட்டு வைத்தார். அவன் ஒரு வீச்சுகூட மனசு வைத்து வீசவில்லை. இவர் கம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அவன் பனியனை இரண்டு கையாலும் பிடித்து, “அடிடா முனியா, ஒரே ஒரு அடி அடிடா” என்று எல்லோர் முன்னாலும் அழுதார். எங்கள் ஊர்க்காரர்கள் அதை வீரம் என்று நினைத்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.