எங்கப்பா உள்ள இருந்த கதை

என்னைப் பொண்ணு பாக்க வந்த மொத மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க, குடிச்ச காப்பியப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சுப் போனாங்க. காரணம் நானில்லைங்க, எங்கப்பாவோட வாய். "பட்டாளத்துல எங்கெங்க இருந்தீங்க?"ன்னு மாப்பிள்ளையோட பெரியப்பா சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாரு. நாலு ஊர் பேரைச் சொல்லிட்டு மிச்சரைத் திங்க வேண்டியதுதானே? "முக்காவாசி நாள் ஜெயில்லதானுங்க இருந்தேன்"னாரு எங்கப்பா, நெல்லு வித்த கணக்குச் சொல்றாப்பலப் பொறுமையா.

வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்து சிங்கப்பூருக்குப் போனவரு அவரு. அங்க ஜப்பான்காரன் ஜெயிச்சு மொத்தப் பட்டாளத்தையும் புடிச்சு அடைச்சான். சண்டை ஓஞ்ச பொறகுதான் வெளிய உட்டாங்க. போர்க்கைதிங்கற பேப்பர் வார்த்தையெல்லாம் அவரு வாயில வராது. ஜெயிலும்பாரு, இல்லாட்டி "உள்ள"ம்பாரு. ரசத்துல உப்புக் கம்மின்னு நாம சொன்னாக்கூட, "உள்ள இருந்தப்ப உப்பே இல்ல"ன்னு ஆரம்பிச்சிருவாரு. அந்த ரோதனைக்குப் பயந்தே நாங்க யாரும் உப்பைப் பத்திப் பேசறதில்ல.

அது எண்பதுகளோட ஆரம்பம். நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தேன். பீஸைப் பிரிச்சு ஓட்டை இருக்கா, தையல் உட்டிருக்கான்னு பாக்கற வேலை. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க போன மறுவாரமே சேதி எங்க டேபிளுக்கு வந்துருச்சு. எதுத்தாப்புல உக்காந்திருந்த திருநெல்வேலி அக்கா, "ஏட்டி, ஒங்கப்பா என்ன கேஸுல உள்ள போனாவ? வெட்டா, குத்தா?"ன்னு கேக்குது. கட்டிங் மாஸ்டர் அதுக்கும் மேல. பட்டாளத்துத் துப்பாக்கியத் திருடி வித்துட்டாராம் எங்கப்பா. சிரிக்கறதா, அவரு கத்தரிக்கோலைப் புடுங்கிக் குத்தறதான்னு எனக்குத் தெரியல.

மங்கலத்துல தறி போட்டிருந்த எங்க மாமா, அம்மாவோட தம்பி, ஒரு யோசனையோட வந்தாரு. சிங்கப்பூர்ல புடிபட்டவங்கள்ல கொஞ்சம் பேர் நம்ம சுதந்திரத்துக்காகச் சண்டை போட ஒரு படையில சேந்தாங்கல்ல? "நானும் அதுல இருந்தேன்னு சொல்லீருங்க மச்சான். ஜெயிலு தியாகி ஜெயிலா மாறிப் போயிரும். எவன் சிங்கப்பூர் போயி விசாரிக்கப் போறான்?" எங்கப்பா வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டாரு. சரின்னுட்டாருன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம்.

அடுத்து குண்டடத்துல இருந்து வந்தாங்க. தியாகி ஊட்டுச் சம்மந்தம்னு பூரிச்சுப் போயி வந்தாங்க. எங்கப்பா, "நான் அந்தப் படையில சேரலீங்க"ன்னாரு. ஏனுங்கன்னு கேட்டாங்க. "ஆளெடுக்கக் கூட்டம் போட்டப்ப எனக்கு வயித்தால போயிட்டிருந்துச்சுங்க. கக்கூசுல இருந்தேன். வெளிய வரதுக்குள்ள கூட்டம் கலைஞ்சு போச்சு."

மாமா மூஞ்சியில ஈ ஆடல. அவங்க போன பொறகு நான் கத்துன கத்துல பக்கத்து ஊடே வந்து எட்டிப் பாத்துச்சு. "சேரலைன்னா சேரலைன்னு சொல்லுங்க, கக்கூசை எதுக்கு இழுக்கறீங்க?" அவரு மூஞ்சிய அப்பாவியா வெச்சுக்கிட்டு, "நடந்ததைத்தானே கண்ணு சொன்னேன்"னாரு. இந்த மனுசனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லுங்க.

எனக்கு வயசு ஏறிட்டே போச்சு. அடுத்ததும் தட்டிப் போனா பல்லடத்துல ஒருத்தருக்கு ரெண்டாந்தாரமாக் குடுத்தர்றதுன்னு அம்மாவும் மாமாவும் முடிவு பண்ணிட்டாங்க. அந்தாளுக்கு என் வயசுல மகளே இருக்குது. நான் அழுது பாத்தேன், சோறு திங்காமக் கெடந்து பாத்தேன். ஒண்ணும் நடக்கல.

அப்பத்தான் சேவூர்ல இருந்து அந்த இடம் வந்துச்சு. மாப்பிள்ளை நிட்டிங் மெஷின் ஓட்டறவரு. அப்பா அம்மாவோட வந்தாரு. ஏறெடுத்துப் பாத்தேன், எனக்குப் புடிச்சுப் போச்சு. எங்கப்பா வாயைத் தொறக்கவே கூடாதுன்னு உத்தரவு. தொறந்தாக் கிள்றதுக்கு மாமா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாரு.

மாப்பிள்ளையோட அம்மா என்னைப் பாக்கவே இல்ல. நேரா எங்கப்பாகிட்ட, "நீங்கதானுங்களா சிங்கப்பூர்ல உள்ள இருந்தவரு?"ன்னு கேட்டாங்க. மாமா கிள்ளினது எனக்கே தெரிஞ்சுது. எங்கப்பா, "ஆமாங்க"ன்னாரு.

"எங்கண்ணனும் அந்தப் பட்டாளத்துலதானுங்க போச்சு. திரும்பி வரல. செத்துருச்சுன்னும் தகவலில்ல. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் இந்த ஜாதகத்தையே வாங்கினேன்." பேரைச் சொன்னாங்க. கடுக்கன் போட்டிருக்கும், புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்னாங்க. "நீங்க பாத்தீங்களா?"

ஆமான்னு சொல்லச் சொல்லி மாமா தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாரு. அம்மா சமையக்கட்டு நெலப்படியில நின்னு எங்கப்பாவைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாங்க. நான் காப்பித் தட்டோட நின்னேன். சாமி, ஒரே ஒரு பொய். பாத்தேன், நல்ல பையன், நோவாமப் போனான்னு சொன்னாப் போதும், என் கண்ணாலம் முடிஞ்சுது.

எங்கப்பா அந்தம்மாவை நேராப் பாத்தாரு. "இல்லீங்கம்மா. நான் பாக்கலீங்க."

"அட கெரகமே"ன்னு மாமா வாய் உட்டே சொல்லிட்டாரு. நான் தட்டை டம்முன்னு கீழ வெச்சேன். பல்லடத்துக்காரர் மூஞ்சிதான் கண்ணுல நின்னுச்சு. எங்கப்பா மேல அன்னைக்கு வந்த ஆத்திரம் மாதிரி எனக்கு வேற யார் மேலயும் வந்ததில்ல.

அந்தம்மா எந்திரிக்கல. "எத்தனையோ பேரைக் கேட்டுட்டேனுங்க. ஒருத்தர் பர்மாவுல பாத்தேன்னாரு. இன்னொருத்தர் மலாயாவுல கொழந்தை குட்டியோட இருக்குன்னாரு. அதைக் கேட்டுக்கேட்டே எங்கம்மா சாகற வரைக்கும் வாசலைப் பாத்துட்டுக் கெடந்தாங்க. பாக்கலைன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான்." அப்பறம் கேட்டாங்க: "உங்ககூட இருந்து செத்தவங்க எப்படிங்க செத்தாங்க?"

கக்கூசைச் சொன்ன அந்த வாய்க்கு இப்பத்தான் எடம் பொருள் தெரிஞ்சுது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல வேண்டாமுங்க"ன்னாரு.

"சொல்லுங்க. எங்கண்ணனும் அப்படித்தானுங்களே போயிருக்கும்."

சொன்னாரு. காய்ச்சலு, பேதி, பக்கத்துல படுத்திருந்தவன் விடிஞ்சு பாத்தா வெறைச்சுக் கெடந்தது, சாக்குல சுத்திக் குழியில எறக்குனது, எறக்குனவங்களுக்கே நிக்கத் தெம்பில்லாதது. எங்க ஊட்டுல யாருமே அதுவரைக்கும் கேக்காத கதை. மாமாகூடக் கிள்றதை உட்டுட்டாரு.

"போதுமுங்க"ன்னு அந்தம்மா எந்திரிச்சாங்க. என்னைப் பாத்தாங்க, அப்பத்தான் மொத மொதல்ல. "கண்ணு, பொறவாசல்ல தண்ணி இருக்குதா? எங்கண்ணனுக்குத் தலை முழுகோணும்."

பொண்ணு பாக்க வந்த ஊட்டுல சாவுக்குத் தலைக்கு ஊத்தறதா! அம்மா பதறிப் போயிட்டாங்க. அந்தம்மா காதுல வாங்கல. நான்தான் தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தினேன். சத்தமில்லாம அழுதாங்க. தலையக்கூடத் துவட்டல. உள்ள வந்து, கொண்டாந்திருந்த மல்லிகையை எடுத்து, தண்ணி சொட்டச் சொட்ட எனக்கு வெச்சு உட்டாங்க.