மூணு என்னா?

“சக்கரை ரெண்டு போடு” என்று டீக்கடையில் யாராவது சொன்னால் போதும், பக்கத்து பெஞ்சிலிருந்து பூவிழியின் தலை திரும்பிவிடும். “ரெண்டு என்னா? ஸ்பூனா, கரண்டியா?” அவள் வருவதைக் கண்டாலே கடைக்காரர் மாயவன் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைக்கிறார். அவள் பிறந்த அன்று நர்ஸ் எடை பார்த்து “மூணு” என்றதும், துணிச் சுருளுக்குள்ளிருந்து “மூணு என்னா?” என்று கேட்டாளாம். அவள் ஊரான இரும்பையில் இதற்குக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய நாலு பேர் இருக்கிறார்கள். நர்ஸ் நடுங்கிப்போய் “கிலோம்மா” என்றாளாம்.

இப்போது வயது இருபத்தாறு. ஆரோவில் பக்கம் ஒரு சிறு பட்டறையில், கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரல் எழுதுகிறாள். நிரலில் அலகு இல்லாமல் வெறும் எண் நின்றால், சட்டை போடாமல் கல்யாணத்துக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அவள் வைக்கும் பெயர்களுக்கெல்லாம் வால் உண்டு: காத்திருப்பு_நொடி, மட்டம்_மிமீ. “பேரு நீளமானா யாரும் சாவ மாட்டாங்க” என்பாள்.

மரக்காணம் உப்பளத்தில் அவள் பேச்சுக்குச் சோதனை வந்தது. முருகையனின் பாத்திக்குப் பட்டறைக்காரர்கள் ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். தண்ணீர் போதுமான உயரம் வந்ததும் அது மோட்டாரை நிறுத்த வேண்டும். “எவ்ளோ உயரம்ணா?” என்று கேட்ட பட்டறைப் பையன் கௌதமிடம் முருகையன் “மூணு” என்றார். அவனும் ‘அளவு = 3’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். பெட்டி அதை மூன்று சென்டிமீட்டராக எடுத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் சுண்டி, உப்பு களிமண்ணோடு ஒட்டி, செம்பழுப்பாக வந்தது. வாங்க வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

“இன்னொரு தரம் உப்பு செவந்துச்சு, பெட்டிய கழுவெளி ஏரில வீசிட்டுத்தான் மறுவேல” என்றார் முருகையன்.

பூவிழி மடிக்கணினியோடு வரப்பில் உட்கார்ந்தாள். “மூணு என்னாண்ணா?”

“வெரக்கடம்மா. வெரல படுக்க வெச்சு மூணு. இதுகூடத் தெரியாதா?”

“யாரு வெரலு?”

“இது என்னா கேள்வி? என் பாத்தி, என் வெரலு!” கையை நீட்டினார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தாள். ஒரு விரல் இருபது மில்லிமீட்டர். ‘முருகையன்_விரற்கடை_மிமீ = 20’ என்று தட்டினாள்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். இருபது வருஷமாக அங்கே வேலை செய்கிறவள்.

“அவரு எந்தக் காலத்துல தண்ணில கை வெச்சாரு? கரை மேல நின்னு ‘மூணு வந்துச்சா’ன்னு கத்துவாரு. வெரல வெச்சுப் பாக்கிறது நானு.”

“ஏய், நீ வேலயப் பாரு” என்றார் முருகையன். குரலில் காரம் இல்லை.

பூவிழி வரப்பிலிருந்து இறங்கிப் போய் அந்தோணியம்மாளின் கையை வாங்கி அளந்தாள். உப்பு தின்று தேய்ந்த விரல்கள், பதினாறு மில்லிமீட்டர்தான். பழைய பெயரை அழித்து, ‘அந்தோணியம்மாள்_விரற்கடை_மிமீ = 16’ என்று எழுதினாள். பத்து வருஷம் கழித்து யார் திறந்தாலும் எந்த அளவு, யாருடைய விரல் என்று கேட்டு அலைய வேண்டாம்.

மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. அந்தோணியம்மாள் குனிந்து மூன்று விரலைப் படுக்கை வாட்டில் வைத்தாள். மேல்விரலின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. முருகையன் பெட்டியைத் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

அந்தோணியம்மாள் தூக்குவாளியைத் திறந்து மோர் ஊற்றினாள். “உப்பு ரெண்டு போடவா, பாப்பா?”

பூவிழி வாயைத் திறப்பதற்குள், அந்தோணியம்மாள் உப்பைக் கிள்ளிய இரண்டு விரல்களை அவள் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.