கணவர் உடன் வருகிறாரா?

இன்று செங்கம் சாலை ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் எங்கள் தெருக் கனகா. பெல்ஜியம்காரரான கணவர் போன மாதம் இங்கேயே இறந்து, எரியூட்டப்பட்டார். ஸ்பெயினில் இருக்கும் அவருடைய அம்மாவிடம் சாம்பலைக் கொண்டுபோக விசா வேண்டும். சாம்பலை வீட்டில் வைக்க வாடகை வீட்டின் உரிமையாளர் சம்மதிக்கவில்லை; எப்போதும் கனகாவின் பையில்தான் இருக்கிறது.

கணினியில் விசா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த கடைக்காரருக்கு இது தெரியாது. "வீட்டுக்காரரு ஐரோப்பாக்காரரு, கூட வந்தா விசா கட்டணத்துல சலுகையாம். வர்றாராக்கா?"

"வர்றாருப்பா."

கடைக்காரர் 'ஆம்' என்று அழுத்தினார். அடுத்த பக்கம் கணவரின் கையெழுத்தைக் கேட்டது.

"அவர இட்டுகினு வாங்க, போட்டுடலாம்."

கனகா பையை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார்.

கடைக்காரர் உள்ளே பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்போ 'இல்லை'னு மாத்திடட்டாக்கா?"

"அத மட்டும் போடாதப்பா."

படிவம் நிரப்பப்படாமலே நிற்கிறது. ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம் வைத்திருக்கும் நாடு எதுவும் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.