மேலே உருக்கிய உலோகம்

“மேல கெடந்து செய்யிறத கீழ எப்பிடி மக்கா கொண்டு வருவினும்? வாற வழியில எரிஞ்சு போவுமாக்கும்.”

குடியிருந்தவர்களுக்கே நிலம் என்ற சட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த பத்து சென்டில், மரச்சீனிக் கிழங்குச் செடிக்கு மண் அணைத்தபடி அப்பா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊர் வாசகசாலையில் விண்வெளி நிலையம் பற்றி நான் பேச இருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது கல்லூரியில் பௌதிகம்.

“ஆளுவ சிரிச்சா, அந்த வாசகசாலை வழிதானே நானும் வேலைக்குப் போவணும்” என்றார்.

நிலையம் மேலேயே சுற்றும், ஆட்கள் மட்டும் சிறு கலத்தில் இறங்குவார்கள் என்றேன். வெளிப்புறம் கருகும், உள்ளே ஒன்றும் ஆகாது, கடைசியில் பாராசூட் விரியும். இருக்கை இடுக்கில் கொள்கிற அளவுதான் சாமான்: பிலிம் சுருள்கள், எடையில்லாத இடத்தில் உருக்கி உறையவைத்த உலோகத் துண்டுகள்.

“உலோகம் இஞ்ச இல்லாததா? என்ன ஆச்சுண்ணு ரேடியோவுல சொன்னா போராதா?”

அந்தக் கேள்வியை என் குறிப்பு நோட்டில் எழுதிவைத்தேன்.

அந்த வாரம் அண்ணன் கல்ஃபிலிருந்து வந்தான். சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று, அதற்கும் மேலே கோட்டு. விமானத்தில் பெட்டியைத்தான் நிறுப்பார்கள், ஆளை நிறுக்கமாட்டார்கள். கோட்டுப் பையிலிருந்து வளைந்த இரும்புத் தகடு ஒன்றை எடுத்தான்.

“எலே, இரும்பு சுமக்கவா கடல் தாண்டிப் போனே? ஒரு சேலைக்க எடம் உண்டே அதுல” என்றாள் அம்மா.

“வேலைக்கு எடுக்கதுக்கு முன்ன பரீட்சை வச்சினும். ரெண்டு தகட நான் வெல்டிங் வச்சேன். அறுத்து, வளச்சுப் பாத்தினும். ஒட்டு விடல்ல. வாயால சொன்னா இஞ்ச ஆரு நம்புவா?”

அப்பா ஒட்டின இடத்தில் பெருவிரலை ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மேல உருக்குனதையும் அறுத்துப் பாப்பினுமா?”

“அறுத்துத்தான் பாக்கணும் அப்பா. அதுக்கு உண்டான கருவி எல்லாம் கீழதான் உண்டு.”

“அப்பம் இதையும் கொண்டு போ.”

ஞாயிறன்று தகடு கைமாறிக் கைமாறிப் போனது. சிரிக்கத் தயாராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அதை முழங்காலில் வைத்து நிமிர்த்திப் பார்த்தார். முடியாமல் பக்கத்தில் கொடுத்தார். நான் முடிக்கும்வரை யாரும் எழுந்து போகவில்லை. அப்பா வாசலில் நின்றே கேட்டார்.

தகட்டை அண்ணனிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. பக்கத்து ஊர் உதியன்குளங்கரை வாசகசாலையிலும் பேசுவதாகச் சொல்லியாயிற்று. நோட்டீசில் என் பெயர் அச்சாகிவிட்டது.